பெயரில்லாதவை நீக்கப்படும்

என் சகலை சவரிமுத்து கம்ப்யூட்டர் உலகத்துக்குச் செய்த தொண்டு ஒரே ஒரு வார்த்தை. 'வெல்கம்' என்று இருந்த இடத்தில் 'ஹார்ட்டி வெல்கம்' என்று ஆக்கினார். அதற்காக இதுவரை மூன்று பொன்னாடை, ஒரு சந்தன மாலை, நல்லம்பள்ளி மாநாட்டில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கியிருக்கிறார். விளக்கு வெறும் முலாம்தான் என்று தருமபுரி வரை போய் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

பொறாமைதான். ஒளித்துவைக்க எனக்கு இடமுமில்லை, சாமர்த்தியமும் இல்லை. படிக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டே மேலே படிக்கலாம்.

என் பெயர் ஞானராஜ். அரூர் கச்சேரிமேட்டில் 'லூர்து தட்டச்சுப் பயிலகம்' நடத்துகிறேன். லூர்து என்பது என் மனைவி லூர்து மேரி. பயிலகத்துக்குக்கூட என் பெயரை வைத்துக்கொள்ளத் தோன்றாதவன் நான் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எண்பத்தேழில் பெங்களூரில் ஒரு கம்பெனியை இழுத்து மூடியபோது அங்கிருந்த கம்ப்யூட்டர் ஒன்று என் கைக்கு வந்தது. பச்சை எழுத்துத் திரை, ஃப்ளாப்பி நுழைக்க இரண்டு வாய். ஃப்ளாப்பி என்றால் கருப்பு உறைக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தட்டு. பெட்டியைப் போட்டதும் அந்தத் தட்டிலிருந்து ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற ஒன்று உள்ளே ஏற வேண்டும். ஏறினால்தான் கம்ப்யூட்டர். ஏறாவிட்டால் அதன்மேல் சட்டையைக் காயப்போடலாம்.

காசுக்கு விற்கிற சிஸ்டங்கள் உண்டு. எனக்குக் கிடைத்தது விற்காத ரகம். அமெரிக்காவில் யார் யாரோ எழுதி, பெங்களூரில் கல்லூரி வாத்தியார்கள் சிலர் ஒரு வட்டமாகச் சேர்ந்து வளர்த்துக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம். திருத்தினால் அதை மற்றவர்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். திருத்தியவர் விரும்பினால் அந்தக் கோப்பின் தலையில் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம், கட்டாயமில்லை. மற்ற விதிகளை எல்லாம் தருமபுரி மாவட்டம் தாங்கிக்கொண்டது. இந்தக் கடைசி விதியைத்தான் தாங்க முடியவில்லை.

முதலில் மதலேனம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாலுக்கா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர். நாற்பது வயதில் என்னிடம் தட்டச்சு படித்து, மனுக்களை என் கம்ப்யூட்டரிலேயே அடித்து அச்செடுத்துக்கொண்டு போவார். அரூரில் கரண்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை போகும். போனால் திரையில் இருந்ததும் கூடவே போய்விடும்.

"மூணாவது தடவைங்க சார்," என்று ஒரு நாள் கண் கலங்கி நின்றார். "முதியோர் பென்ஷன் மனு பதினொண்ணு அடிச்சு வெச்சிருந்தேன். கரண்டு வந்து பாத்தா ஒரு எழுத்து இல்ல. ஆயாங்கெல்லாம் வெயில்ல உக்காந்திருக்காங்க. நான் போயி என்னான்னு சொல்றது?"

அதற்கு அப்புறம் ஏழு மாதம் நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். புத்தகம் வாங்கிப் படித்தேன், பெங்களூருக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டேன். கடைசியில் அடிக்கிற ஒவ்வொரு வரியும் அந்த நிமிஷமே ஃப்ளாப்பியில் போய் உட்காரும்படி ஒரு கோப்பு எழுதிச் சேர்த்தேன். கரண்டு போய் வந்தால், விட்ட இடத்தில் மனு அப்படியே நின்றது. மதலேனம்மாள் திரையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

விதிப்படி அதைப் பெங்களூருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சவரிமுத்து என் மனைவியின் அக்காள் ஞானமேரியின் கணவர். பாப்பாரப்பட்டிப் பக்கம் பட்டுக்கூடு வாங்கி வாரா வாரம் பெங்களூர்ப் பக்கம் கொண்டுபோகிறவர். ஃப்ளாப்பியை அவரிடம் கொடுத்து அனுப்பலாம் என்று கூப்பிட்டேன். வந்தவர் திரையை உற்றுப் பார்த்தார்.

"என்ன சகல, வெறும் வெல்கம்னு போட்டிருக்குது? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? நம்ம வூட்டு விசேசத்துல வாசல்ல 'ஹார்ட்டி வெல்கம்'னுதான போடறோம்?"

சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சேர்த்தேன்.

"மாத்துனவங்க பேரு போட்டுக்கலாம்னு சொன்னீங்களே?"

அதையும் சிரித்துக்கொண்டே சேர்த்தேன். எஸ். சவரிமுத்து.

"உங்க பேரு போட்டுக்கலையா?"

"எனக்கெதுக்குங்க," என்றேன்.

அந்த ஒரு பேச்சை நினைத்து நான் செருப்பால் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெங்களூர் வட்டத்தின் சுற்றறிக்கை வந்தது. ஃப்ளாப்பி முழுக்க அவர்களுக்குக் கிடைத்த புதுப் பெயர் ஒன்றுதான். ஆகவே அச்சடித்துவிட்டார்கள்: 'தருமபுரி திரு. எஸ். சவரிமுத்து அவர்களின் பங்களிப்புகள்: மின்தடைப் பாதுகாப்பு, ஹார்ட்டி வெல்கம்.'

"மாமா பேரு பெங்களூர் பேப்பர்ல வந்திருக்குதாமே? அக்கா தெருவெல்லாம் காட்டிட்டு வராங்க," என்றாள் லூர்து மேரி. "நீங்களும் ஏழு மாசமா அந்தப் பொட்டிகிட்டயே கெடந்தீங்களே, உங்க பேரு ஏங்க வரல?"

"அந்த மின்தடை வேலைய செஞ்சதே நான்தான்டி!"

"பேரு போடாம செஞ்சா யாருக்குங்க தெரியும்?"

அன்றைக்கு ராகிக் களி தொண்டையில் இறங்கவில்லை. சகலையிடமே போய்க் கேட்டேன். அவர் என்னைவிட வருத்தமாக இருந்தார்.

"நானா போட்டுக்கிட்டேன்? அவங்களா போட்டுட்டாங்க. இப்ப போயி இல்லைன்னு எழுதினா அவங்க மனசு என்ன பாடுபடும்? பெரிய மனுசங்க, சகல."

பெங்களூருக்கு நானே எழுதினேன். பதில் மூன்று வாரத்தில் வந்தது. 'தங்கள் கோரிக்கையைத் தருமபுரி மாவட்ட ஒருங்கிணைப்பாளர் திரு. எஸ். சவரிமுத்து வழியாக அனுப்பவும்.'

அதற்குள் சகலை சஃபாரி சூட் தைத்துக்கொண்டுவிட்டார்.

சங்கம் பிறந்தது அந்த மாதத்தில்தான். 'தருமபுரி மாவட்டச் சுதந்திர ஆபரேட்டிங் சிஸ்டம் ஆர்வலர் சங்கம்'. கௌரவ நிறுவனர் சவரிமுத்து. தலைவர் மாயவன், ஓய்வு பெற்ற வட்டார வளர்ச்சி அலுவலர். ஓய்வு பெற்ற பிறகு கையெழுத்துப் போட எதுவுமில்லாமல் கை நடுங்கிக்கொண்டிருந்தவர். நாற்பது நாளில் உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் எல்லாருக்குமாக இருந்த கம்ப்யூட்டர் ஒன்று, என்னுடையது. சங்கத்தின் முதல் தீர்மானம், கம்ப்யூட்டரைப் பார்க்காமலே காலமான முன்னோர்களுக்கு இரங்கல். இரண்டாவது, கொடியின் நிறம். மூன்றாவது, கொடியின் நிறம் குறித்து ஆராயத் துணைக்குழு.

மின்தடைக் கோப்பில் என் பெயரைப் போடச் சொல்லி மாயவனிடம் மனு கொடுத்தேன். மூன்று பிரதி. மதலேனம்மாளே அடித்துக் கொடுத்தார். மாயவன் கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார்.

"இந்த வேலைய நீங்கதான் செஞ்சீங்கங்கறதுக்கு ஆதாரம்?"

"அந்தக் கோப்பே ஆதாரம்தானுங்க."

"அதுல உங்க பேரு இருக்குதா?"

"இல்லிங்க. அதப் போடத்தான் மனு குடுத்திருக்கறேன்."

"பேரு இருந்தாத்தான நீங்க செஞ்சதுன்னு ஆவும்? நீங்க செஞ்சதுன்னு ஆனாத்தான பேரு போட முடியும்? நீங்களே சொல்லுங்க, நியாயமா இருக்குதா?" என்று என்னையே நடுவராக்கினார். "சவரிமுத்து சார் பரிந்துரை பண்ணா யோசிக்கலாம். பேரு உள்ளவரு ஒருத்தர் கையெழுத்து இருந்தாப் போதும்."

பேர் உள்ளவர் இந்த மாவட்டத்தில் அவர் ஒருவர்தான். அவரிடம் போய்ப் பரிந்துரை கேட்கிற அளவுக்கு என் மானம் இன்னும் தேயவில்லை. ஒரு மாதத்தில் அதுவும் தேய்ந்தது, போனேன். சகலை அன்போடு வரவேற்று, மோர் கொடுத்து, 'திரு. ஞானராஜ் என் உறவினர், நல்ல ஒழுக்கமுள்ளவர்' என்று எழுதிக் கொடுத்தார். அதன்பேரில் சங்கம் என்னை 'இயந்திர உதவியாளர்' ஆக்கியது. அதாவது என் வீட்டில், என் கம்ப்யூட்டரில், சங்கம் சொல்வதை நான் அடிக்கலாம்.

இதற்கிடையில் சங்கம் உடைந்தது. பாப்பாரப்பட்டிச் சென்னப்பன் முப்பது பேரோடு வெளியேறினார். சுதந்திர சிஸ்டத்தில் இப்படிப் பிரிந்து தனி வடிவம் நடத்த எல்லாருக்கும் உரிமை உண்டு என்று பெங்களூரே சொல்லியிருக்கிறது. 'பாப்பாரப்பட்டி வடிவம்' என்று பெயர் வைத்தார். இரண்டு வடிவங்களுக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டதற்கு, அவர்களுடையதில் 'வெரி ஹார்ட்டி வெல்கம்' என்றிருக்கும் என்றார். அதையும் அடித்துக் கொடுக்க என்னிடம்தான் வந்தார்.

"சவரிமுத்து பேரு மட்டும் ஏங்க இருக்கோணும்? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்றார் சென்னப்பன்.

அந்தக் கேள்வி எனக்குத் தேனாக இனித்தது. நான் கேட்க வேண்டியதை எவ்வளவு நேராகக் கேட்டுவிட்டார்! 'விடாதீங்க, எல்லார் பேரும் வரட்டும்' என்று நானேதான் தூண்டிவிட்டேன். இருநூறு பெயர் வந்தால் அந்த ஒரு பெயர் அமுங்கிவிடும் என்பது என் கணக்கு.

சமரசக் கூட்டத்தில் முடிவானது. கம்ப்யூட்டரைப் போட்டதும், ஹார்ட்டி வெல்கத்துக்குக் கீழே, இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர் பெயரும் வரிசையாக வர வேண்டும். நல்லம்பள்ளியில் மாநாடு கூட்டி அதைக் காட்ட வேண்டும். வெறும் பெயர் போதாது, படிப்பு, பதவி, தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், ஊர், வகித்த பொறுப்புகள், பெற்ற பரிசுகள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு அரைப் பக்கம். கௌரவ நிறுவனருக்கு ஒன்றரைப் பக்கம்.

கூட்டம் முடிந்து வருகிறபோது எனக்குப் புரிந்தது. சகலையின் பெயர் அமுங்கவில்லை. இருநூற்றுப் பதினொரு பேர் தூக்கிப் பிடிக்க, உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

இரண்டு மாதம் அந்தப் பெயர்களை அடித்தேன். கட்டிக் கொடுத்த பள்ளிக்கூடச் சுவர், எண்பத்திரண்டில் பெற்ற கோலிப் போட்டிப் பரிசு, தாய்மாமன் வகித்த பதவி. ஒருவர் தன் காளை வாங்கிய பரிசையும் கொடுத்திருந்தார். அடிக்கிறவன் நானே என்பதால் நைசாக என் பெயரையும் சேர்த்திருக்கலாமே என்பீர்கள். சேர்த்தேன். அச்செடுத்துச் சரிபார்த்த ஐவர் குழு இருநூற்றுப் பதின்மூன்றாவது பெயரைக் கண்டுபிடித்து, ஏழு நாளுக்குள் விளக்கம் தரச் சொல்லி எனக்கு ஓலை அனுப்பியது.

தனி ஃப்ளாப்பிகளில் அடித்து வைத்திருந்ததைச் சிஸ்டம் இருக்கும் ஃப்ளாப்பிக்கு ஏற்றியபோது, நாற்பத்தேழாவது பெயரிலேயே அது நிரம்பிவிட்டது. இடமில்லை என்று திரை சொன்னது. நாற்பத்தெட்டாவது ஆளான காளியப்பன் தீக்குளிப்பேன் என்றார். அவசரச் செயற்குழு என் பயிலகத்திலேயே கூடியது.

"ஃப்ளாப்பியில இடத்த யாரு புடிச்சுக்கிட்டு இருக்கறாங்க?" என்று கேட்டார் மாயவன்.

எண்பத்து நான்கு கோப்புகளின் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். அவை எல்லாம் சேர்ந்ததுதான் சிஸ்டம். மாயவன் சிவப்பு மையால் ஒவ்வொன்றாகக் குறி போட்டுக்கொண்டே வந்தார்.

"இது யாருது?"

"தெரியலிங்க. அமெரிக்காவுல யாரோ எழுதினது. பேரு போடல."

"இது?"

"பெங்களூர்ல ஒருத்தர். பேரு இருக்குதுங்க."

"சங்கத்துல உறுப்பினரா?"

"இல்லிங்க."

"அப்ப செல்லாது. இது?"

"மின்தடைப் பாதுகாப்புங்க," என்றேன்.

"பேரு?"

"இல்லிங்க."

மாயவன் பேனாவை மூடி வைத்தார். முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்த முகம் தெளிந்தது. "சொந்தக்காரன் பேரு இல்லாத நெலத்துக்குப் பேரென்ன? பொறம்போக்கு. பொறம்போக்குல ஆக்கிரமிப்பு இருந்தா என்ன பண்றோம்? அகற்றறோம். இதுல என்ன கொழப்பம்?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: உறுப்பினர் பெயரில்லாத கோப்புகள் அனைத்தும் நீக்கப்படும், கிடைக்கும் இடம் பெயர்ப் பட்டியலுக்கு ஒதுக்கப்படும். எண்பத்து நான்கில் தப்பியது ஒன்று, வரவேற்புக் கோப்பு. அதன் தலையில்தான் எஸ். சவரிமுத்து என்று இருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'ஐயா, அழித்தால் இது ஒன்றுக்கும் ஆகாது, நீங்கள் அழிக்கப்போவதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்ற வாக்கியம் வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்துச் சகலை என் முதுகில் தட்டி, "சகல கையில குடுத்தாப் போதும். நான் சொன்னதெல்லாம் அப்படியே செய்வாரு," என்று செயற்குழுவிடம் சொன்னார்.

வாக்கியத்தை விழுங்கினேன். மாநாட்டு மேடை, நானூறு சனம், சஃபாரி சூட்டில் சகலை, எழும்பாத கம்ப்யூட்டர். இந்தக் காட்சி கண்முன்னால் வந்ததும் பல மாதம் கழித்து எனக்குப் பசி எடுத்தது.

"செஞ்சுடலாங்க," என்றேன்.

செய்தேன். ஆனால் அதற்கு முன் பழைய சிஸ்டத்தை, திரையில் ஒரு பெயரும் காட்டாத அந்த முழு ஃப்ளாப்பியை, ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். என்னிடம் மிச்சமிருந்த கடைசி ஃப்ளாப்பி அது. காலண்டர் அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து மஞ்சள் பையில் போட்டேன். மேடையில் அவருடையது விழும்போது என்னுடையது எழும். எல்லாரும் யார் இது என்று கேட்பார்கள். அப்போது நான் சொல்வேன்.

எண்பத்தொன்பது மே மாதம், மாம்பழத்தில் ஈ மொய்க்கிற வெயிலில், நல்லம்பள்ளிக் கல்யாண மண்டபத்தில் மாநாடு கூடியது. தருமபுரிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் சண்டை வராத இடம் என்று தேடிப் பிடித்தது. கம்ப்யூட்டரைக் கோணிச் சாக்கில் சுற்றி, திரையை மடியில் வைத்துக்கொண்டு அரூரிலிருந்து இரண்டு பஸ் மாறி நான்தான் கொண்டுவந்தேன். வாசலில் என்னைத் தடுத்தார்கள். பேராளர், சிறப்புப் பேராளர், பார்வையாளர் என்று மூன்று நிற பேட்ஜ் இருந்தது, இயந்திர உதவியாளருக்கு நிறமே ஒதுக்கவில்லை. சாமான் என்று எழுதி உள்ளே விட்டார்கள்.

மாயவன் தலைமையுரை ஆற்றினார். "இது சுதந்திர சிஸ்டம். யார் வேணும்னாலும் மாத்தலாம், முன் அனுமதி வாங்கினாப் போதும். இங்க எல்லாரும் சமம். அதனால முதல் வரிசைக்காரங்களுக்கு மட்டும் நாற்காலி போட்டிருக்கறோம். மத்தவங்க சமமா ஜமக்காளத்துல உக்காரலாம்."

சிறப்பு விருந்தினர் ஏதோ ஒரு துறையின் துணை இயக்குநர். எந்தத் துறை என்று அழைப்பிதழில் போட மறந்திருந்தார்கள், அவரும் சொல்லவில்லை.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க யாரும் கெடைக்கலன்னுதான் என்னை அதுக்குப் பொறுப்பாப் போட்டிருக்காங்க," என்று தொடங்கினார். பலத்த கைதட்டல். "இதுவரைக்கும் பதினாறு கம்ப்யூட்டர் மாநாட்டுல பேசியிருக்கறேன். ஒண்ணுலகூட மிசின ஆன் பண்ணதில்ல. அதனால எங்க துறையில ஒரு மிசின் ரிப்பேரானதா சரித்திரம் கெடையாது. இன்னிக்கு நீங்க ஆன் பண்றேங்கறீங்க. உங்க தைரியத்தப் பாராட்டறேன்."

குத்துவிளக்கு ஏற்றினார்கள். சகலை மேடையேறிக் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டார். மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் மேடைக்குக் கீழே நின்றேன்.

திரையில் பச்சையாக வந்தது: ஹார்ட்டி வெல்கம்.

நான் கணக்கில் விட்டது அதைத்தான். எல்லாவற்றையும் அழித்தாலும், முதலில் ஓடுகிற வரவேற்புக் கோப்பு தப்பிவிட்டதே. அதன் கீழே ஒன்றரைப் பக்கத்துக்கு எஸ். சவரிமுத்து வந்தார். மண்டபம் அதிர்ந்தது. ஞானமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு பெயராக ஏறி ஏறிப் போனது. பெயர் வந்தவர்கள் குடும்பத்தோடு மேடையேறித் திரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். போட்டோக்காரர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படம் எடுத்தார். காளியப்பன் தன் பெயர் வந்ததும் தீக்குளிக்காமல் விட்டதற்காகத் தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொண்டார். காளை மாட்டுப் பரிசுக்குத்தான் அதிகக் கைதட்டல். ஒரு மணி நேரம் இருபது நிமிஷம் ஓடியது.

லூர்து மேரியும் கைதட்டினாள். "மாமாவுக்குத் தட்டாம இருக்க முடியுமா?" என்றாள் பிறகு. அந்தக் கைதட்டல் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

கடைசிப் பெயர் முடிந்ததும் திரை அப்படியே நின்றது. செத்துப்போன திரை. சரி, இனி எப்படியும் ஒருவராவது கேட்பார், 'இது வேறென்ன செய்யும்?' என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. "நூற்றுக்கு நூறு வெற்றி!" என்று மாயவன் ஒலிபெருக்கியில் கத்தினார். சகலைக்கு வெள்ளி முலாம் விளக்கைக் கொடுத்தார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. மேடையில் ஏறிவிட்டேன்.

"இது ஓடலிங்க! பேருங்க மட்டுந்தான் ஓடுச்சு! சிஸ்டம் செத்துப் போச்சு! ஓடறது என்கிட்ட இருக்குதுங்க!"

மஞ்சள் பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் உறுமி எழுந்தது. திரையில் வெல்கத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது. 'நல்லம்பள்ளி' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். நானே போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது. திரும்பச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் 'நல்லம்பள்ளி' அப்படியே வந்து நின்றது. ஏழு மாதம்! நானூறு சனத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

கொட்டாவி ஒன்று கேட்டது.

துணை இயக்குநர் குனிந்து திரையைப் பார்த்தார். "இதுல யாரு பேருங்க இருக்குது?"

"யார் பேரும் இல்லிங்க சார்."

"அப்ப நான் யாரைங்க பாராட்டறது?" என்றார். அவருக்கு உண்மையாகவே கஷ்டமாக இருந்தது.

நான் என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சகலை என் தோளை அணைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை வாங்கினார்.

"என் சகலைங்க. தங்கமான மனுசன். இந்த வேலையில எனக்கு ஏழு மாசம் ஒத்தாசையா இருந்தாரு. இவரு பேரும் நாலு பேருக்குத் தெரியோணும். ஏன் சகல, உங்க பேரச் சொல்லுங்க!" என்று சொல்லி, தன் தோளில் கிடந்த பொன்னாடை ஒன்றை எடுத்து எனக்குப் போர்த்தினார். அதில் அவர் வியர்வை இன்னும் ஈரமாக இருந்தது. ஒலிபெருக்கியை என் வாயருகே நீட்டுவதற்குள் நன்றியுரைக்கு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பயிலகத்தைத் திறந்ததும் அந்த ஃப்ளாப்பியைப் போட்டேன். யார் அனுமதியும் வேண்டாம், ஐவர் குழு வேண்டாம். துணை இயக்குநரே கேட்டுவிட்டார், யார் பேர் இருக்கிறது என்று. வரவேற்பு வார்த்தையைத் தூக்கி எறிந்துவிட்டு, அங்கே அடித்தேன்: ஜி. ஞானராஜ், பி.காம்., தட்டச்சு மேல்நிலை, ஆங்கிலம் மற்றும் தமிழ், நிறுவனர், லூர்து தட்டச்சுப் பயிலகம், அரூர். சகலைக்கு ஒன்றரைப் பக்கம் என்றால் எனக்கு இரண்டாவது வேண்டாமா? அப்பா பெயர், தாத்தா பெயர், மறைமாவட்டப் பேச்சுப் போட்டி இரண்டாம் பரிசு என்று நிரப்பினேன். கடைசி வரியாக, கொட்டை எழுத்தில், 'மின்தடைப் பாதுகாப்பைக் கண்டுபிடித்தவர்'.

இடமில்லை என்றது திரை. போன மாதம் முழுக்க மதலேனம்மாள் அதிலேயே அடித்து ஏற்றியிருந்த பென்ஷன் மனுக்கள் ஃப்ளாப்பியை விளிம்பு வரை நிரப்பியிருந்தன. மனுக்களை அழிக்க மனம் வரவில்லை. அமெரிக்காக்காரன் எழுதியதிலோ பெங்களூர்க்காரர் எழுதியதிலோ கைவைக்க எனக்கு உரிமையில்லை. அப்படிப் பார்த்தால், முழு உரிமையோடு நான் அழிக்கக்கூடிய கோப்பு அந்த ஃப்ளாப்பியிலேயே ஒன்றுதான் இருந்தது. பெயரில்லாமல் கிடந்தது.

அழித்தேன். இரண்டு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தது.

பத்து மணிக்கு மதலேனம்மாள் மனுக்கட்டோடு வந்தார். வாசலில் ஆயாக்கள் ஐந்தாறு பேர் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்குக் கரண்டு போனது. மதலேனம்மாள் பதறவில்லை. போன வருஷத்திலிருந்து அவர் பதறுவதே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, "ஒம்பது முடிச்சிட்டேங்க சார், இன்னும் ரெண்டுதான்," என்றார்.

அரை மணி கழித்துக் கரண்டு வந்தது. பெட்டி உறுமியது. திரை பச்சையாக விரிந்தது. மதலேனம்மாள் முன்னால் குனிந்து, எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அதன் கீழே ஒன்றுமில்லை.

"உங்க பேரு ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க சார்," என்றார் மரியாதையாக. "என் மனுவெல்லாம் எங்கங்க?"